பறிக்காத கிராம்பு

அன்று காலை மரத்தடியில் நின்றவர்கள் நான்கு பேர். தோட்டத்துக்காரர் அய்யம்பெருமாள் பிள்ளை, அவருடைய ஒரே மகன் சுஜித், காவல்காரன் சிலுவைமுத்து, இருவாச்சிப் பறவைகளை ஆராய்ச்சி செய்ய நாகர்கோவில் கல்லூரியிலிருந்து வந்துபோகும் லிஜா. உயரே, வெடிபலா மரத்துப் பொந்துக்குள் தன்னைத்தானே அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண் இருவாச்சியையும் சேர்த்தால் ஐந்து. வரவேண்டிய ஆண்பறவைதான் வரவில்லை.

வராததைத் தரையே சொல்லியது. குடியிருக்கும் பொந்துக்குக் கீழே தினமும் புதிதாக அத்திப்பழத் தோலும் காட்டுச் சாதிக்காய்க் கொட்டையும் எச்சமும் ஈரமாய்க் கிடக்கும். இப்போது கிடந்ததெல்லாம் காய்ந்து, எறும்பு தின்று மிச்சம் வைத்தது. தை மாதம் பெண் உள்ளே போகும். எச்சத்தையும் பழச்சதையையும் குழைத்து வாசலை அடைக்கும். ஒரு அலகு நுழையும் கீற்று மட்டும் மிஞ்சும். உள்ளே இருந்து இறகுகளை உதிர்த்துவிடும்; பறக்க முடியாது. ஆண் தொண்டைக்குள் பழங்களை நிரப்பிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாகக் கக்கி அந்தக் கீற்றில் கொடுக்கும். அது வராவிட்டால் உள்ளே இருப்பதற்கும் குஞ்சுக்கும் வேறு கதி கிடையாது.

கீரிப்பாறைக்கு மேலே இந்தத் தோட்டத்தை வாங்கிய காலத்திலிருந்தே குடும்பத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பொந்து அடைத்திருக்கும் மாதங்களில் அந்த மரத்தைச் சுற்றி நிற்கும் கிராம்பு மரங்களில் யாரும் ஏணி சாய்க்கக் கூடாது. பறிப்புக் காலமும் அதுவேதான். மற்ற மரங்களில் மொட்டு பறிபட்டுப் பாயில் காயும்போது, இங்கே மட்டும் மொட்டு விரிந்து, பூவாகி, காயாகி, சந்தையில் செல்லாமல் போகும். அப்படிச் செல்லாமல் போவதில்தான் அய்யம்பெருமாள் பிள்ளைக்குப் பெருமை. பூதப்பாண்டியில் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் அந்தப் பேச்சை எடுக்காமல் எழுந்திருக்க மாட்டார். லிஜா முதன்முதலில் வந்து, இந்த இடம் வெளியே தெரியக் கூடாது என்று கேட்டுக்கொண்டபோது, அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு, "எங்க வீட்டில இருந்து ஒரு வார்த்த வெளிய போவாது கேட்டியா" என்றார்.

இப்போது பொந்துக்கு நேர் எதிரே, மூங்கில் நட்டுப் பச்சைத் துணி சுற்றிய ஒரு மறைப்பு நின்றது. துணியில் கேமரா நீட்டும் ஓட்டை. உள்ளே மூன்று பிளாஸ்டிக் நாற்காலியின் கால் பதிந்த தடம்.

"போட்டோ எடுக்கிய ஆளுக வந்திருக்காவ சார்," என்றாள் லிஜா. "ஆளு அனக்கம் கேட்டா ஆணு கிட்ட வராது. இதுக்க துணி காத்தில படபடன்னு அடிக்குது பாத்தியளா."

சுஜித் மறைப்பைக் காலால் தட்டினான். "வாச்சரத் தவிர இந்த எடம் யாருக்குத் தெரியும்?" என்றான்.

சிலுவைமுத்து தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். "மொதலாளி, எனக்க தம்பிக்கு உடம்பு சொகமில்லன்னு கருங்கல்ல அவன் வீட்டுக்குப் போனேன். சொல்லிட்டுத்தானே போனேன். வந்து பாத்தா இது நிக்குது. நான்தானே மொதல்ல வந்து சொன்னேன்?"

"சொல்லுகது யாருக்கும் லேசுதான்," என்றான் சுஜித்.

"எங்க வீட்டு ஆளு செய்யமாட்டான்," என்றார் பிள்ளை, லிஜாவைப் பார்த்து. அந்த வாக்கியம் முடிந்தபோது குற்றம் சிலுவைமுத்துவின் தலையில் தானாகப் போய் உட்கார்ந்துவிட்டது.

பார்வைக்கு மறைத்த கிராம்புக் கிளைகளை வெட்டித் தள்ளியிருந்தார்கள். பிள்ளை குனிந்து ஒன்றை எடுத்தார். கிளையில் இலை இருந்தது, மொட்டு இல்லை. ஒவ்வொரு கொத்தும் காம்பு முறியாமல், நுனித்தளிர் கிழியாமல் நகத்தால் கிள்ளி எடுக்கப்பட்டிருந்தது. வெளியூர்க்காரன் மொட்டோடு வெட்டி எறிந்திருப்பான். கூலிக்கு வந்தவனும் இப்படிக் கிள்ளி எடுப்பான், அதனால் அது ஒன்றும் நிச்சயமில்லை என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு மரத்தைப் பார்த்தார். வெட்டுப்பட்ட இடங்களில் எல்லாம் சாணியும் செம்மண்ணும் குழைத்து, விளிம்பு தப்பாமல் பூசியிருந்தது. நீர் இறங்கி மரம் அழுகாமலிருக்க.

திருட்டுத்தனமாக வெட்டுகிறவன் எவன் காயத்துக்கு மருந்து போடுவான்? கூலிக்காரனுக்கு அடுத்த வருஷத்தைப் பற்றி என்ன கவலை? நாளைக்கு இந்த மரம் தன்னுடையது என்று நினைக்கிறவன்தான் இதைப் பூசுவான். கை அதுவாகவே செய்திருக்கும், செய்தவனுக்கே தெரிந்திருக்காது.

பூச்சின் மேல் விரலை வைத்தபடி அவர் மகனைப் பார்த்தார். சுஜித் தரையைப் பார்த்தான். சிலுவைமுத்து இருவரையும் பார்த்தான்.

லிஜா, "என்ன சார்?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. இத அவுத்துட்டுப் போவோம். சத்தம் காட்டாண்டாம்."

மறைப்பை அவிழ்த்துவிட்டு இறங்கினார்கள். ஷெட்டுக்கு வந்ததும் சிலுவைமுத்து டார்ச்சையும் சாவியையும் படியில் வைத்துவிட்டுப் போனான். கூப்பிட வாயைத் திறந்த பிள்ளை, எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று தெரியாமல் மூடிக்கொண்டார்.

மறுநாள் சாப்பாட்டு மேசையில் சுஜித்தே பேச்சைத் தொடங்கினான். விருந்தினர் தங்கும் வீடு ஒன்று தொடங்க ஆசைப்பட்டதாகவும், வந்தவர்கள் பெரிய இடத்து ஆட்கள் என்றும், ஒரு படம் வெளியே போனால் தோட்டத்தின் பேர் எங்கேயோ போய்விடும் என்றும் சொன்னான். "ஒருத்தரும் பொந்து மரத்தத் தொடல்லப்பா. உக்காந்துதான் இருந்தாங்க."

"அந்தப் பயலுக்க மேல எதுக்குலே பழியப் போட்ட?"

"நீங்கதானே வீட்டு ஆளு செய்யமாட்டான்னு சொன்னீங்க? நான் ஒண்ணுமே சொல்லல்ல, கேட்டேன், அவ்வளவுதான்." தட்டைத் தள்ளி வைத்தான். "விடுங்கப்பா. இப்பிடியே இருக்கட்டும். நம்ம பேரு தப்பிச்சுதே."

அய்யம்பெருமாள் பிள்ளை கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். இடத்தைக் காட்டியதைக்கூட ஒரு நாள் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் தான் வாழ்நாள் முழுதும் தூக்கிச் சுமந்த பேரை எடுத்து, தன் மகன் தன்னையே கொண்டு ஒரு ஏழையின் வாயை அடைத்துவிட்டானே. அதையும் அப்பாவுக்குச் செய்த உபகாரம் போலச் சொல்லுகிறான்.

லிஜா எதிர்ச்சரிவில் உட்கார்ந்து தூரநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆண் இருவாச்சி ஓடைக்கு அக்கரையில் அத்திமரத்தில் தின்பதைப் பார்த்ததாகவும், பொந்துப் பக்கம் இன்னும் வரவில்லை என்றும், கீற்றில் அலகு அசைகிறது என்றும் பிள்ளைக்குப் போனில் சொன்னாள். "காத்திருக்கது அல்லாம நமக்கு ஒண்ணும் செய்ய ஒக்காது சார்."

அன்று மத்தியானம் பிள்ளை சலவை வேட்டி உடுத்து, சிலுவைமுத்துவின் வீட்டைத் தேடிக் கீரிப்பாறைக்கு இறங்கினார். வழியில் டைட்டஸின் டீக்கடை. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள்.

"பிள்ளைவாள், கேட்டேன்," என்றார் டைட்டஸ் டீயை ஆற்றிக்கொண்டே. "அந்த சிலுவமுத்து வெளியூருகாரனுவள ஒங்க தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனானாமே? பாத்தா பசுவப்போல இருப்பான். நல்லவேள, ஒங்க வீட்டுப் பிள்ள கண்டுபிடிச்சிச்சி."

மலைக்குமேல் எங்கேயோ இறக்கைச் சத்தம் கேட்டது, ஏற்றத்தில் பஸ் மூச்சு வாங்குவதுபோல. கடையில் எல்லோரும் அண்ணாந்தார்கள். மேகம் அடைத்திருந்ததால் எந்தத் திசைக்குப் போகிறது என்று தெரியவில்லை.

பிள்ளை டம்ளரை வாங்கவில்லை, உட்காரவுமில்லை.

"சிலுவமுத்து கூட்டிட்டுப் போவல்ல வே," என்றார். "எம்மவன் சுஜித்து கூட்டிட்டுப் போனான். மறைப்புக் கட்டுனதும் அவன்தான். ஆரு கேட்டாலும் இப்பிடியே சொல்லும்."