வெள்ளைச்சியின் கன்றுக்குத் தோல் பூசியது

ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்ட சித்திரையில், எங்கள் கன்று கட்டியிருந்த இடத்தில் குண்டு தோண்டிய ஒரு கிடங்கு மட்டும் மிஞ்சியது. தோலாவது கிடைத்திருந்தால் வழக்கப்படி வைக்கோல் அடைத்துத் தாய்க்கு முன்னால் நிறுத்தியிருக்கலாம். கன்றைக் காணாத வெள்ளைச்சி மடியை இறுக்கிக்கொண்டாள். ஒரு சொட்டும் இறங்கவில்லை.

அந்தப் பாலுக்கு ஒரு வாய் காத்திருந்தது. அடுத்த வளவு மைமூனாவுக்குப் பிள்ளை பிறந்த கையோடுதான் குண்டு விழுந்தது. பயத்தில் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. கடைகள் பூட்டு. பாதிச் சனம் காட்டுப் பக்கம் ஓடிவிட்டது. பிள்ளை சீனித் தண்ணீரைச் சப்பிக்கொண்டு, நாளுக்கு நாள் சத்தம் குறைந்து அழுதது.

ஆகவே நான் ஒரு கன்று செய்தேன். உடம்புக்குச் சாக்கும் வெள்ளைச்சி படுத்த வைக்கோலும். தலைக்கு மரத்தூளைக் கூழில் பிசைந்து பிடித்தேன். நிறம் பூச என் மச்சான் இராசதுரையைக் கூப்பிட்டேன். அவன் துறைமுகத்தில் பீரங்கிகளுக்குப் பூச்சடிக்கிறவன்.

“டொக்யாட் பெயின்ற் கொண்டு வரட்டே?”

“அதை மாடு நக்கினா, பிறகு மாட்டுக்கும் பொம்மை செய்யவேணும்.”

காவி, வெள்ளைக் களிமண், அடுப்புக்கரி, வேப்பம்பிசின் என்று எடுத்துக் கொடுத்தேன். அவன் முதுகுக்கு இருட்டும் வயிற்றுக்கு வெளிச்சமுமாகப் பூசினான். பீரங்கிக்கு அப்படித்தான் பூசுவார்கள். மேலே விழும் வெயிலும் கீழே விழும் நிழலும் ஒன்றையொன்று தின்றுவிடும். பார்க்கிறவன் கண்ணுக்குப் பொருளே இராது. அவன் கை அதற்கே பழகிவிட்டது.

பூச்சுக் காய்ந்ததும் கன்றைக் காணோம். முற்றத்தில், முழங்கால் உயரத்தில், ஒரு காகம் அந்தரத்தில் நின்று சொண்டு தீட்டிக்கொண்டிருந்தது. அதன் காலுக்குக் கீழே தடவித்தான் கன்றைக் கண்டுபிடித்தேன். வெள்ளைச்சி அதை மிதித்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனாள்.

“உன்ர வேலை திறமடா மச்சான். ஜப்பான்காரனும் காணான், தாயும் காணாள்.”

இராசதுரை சிரிக்கவில்லை. வேலிக்கு அப்பால் பிள்ளை முனகியது.

“எனக்கு ஒளிக்கத்தான் தெரியும். உயிருள்ள தோல் என்ன நிறமெண்டு நான் ஒருநாளும் பார்த்ததில்லை,” என்றான். பிறகு வேலிக்கு மேலால் எட்டிக் கூப்பிட்டான். “தங்கச்சி, பிள்ளையை ஒருக்கா வெயிலுக்குக் கொண்டு வாங்கோ.”

அவன் பிள்ளையின் காதை உற்றுப் பார்த்தபடி காவி கரைப்பதைக் கண்டு மைமூனா கேட்டாள்: “என்ட புள்ளையப் பாத்து மாட்டுக்கண்டு கீறப்போறீங்களா, அண்ணே?”

“ஓம். வடிவான கண்டுக்குட்டியா வரும்.”

“அப்ப மூக்கையும் பாருங்க. அது வாப்பாட மூக்கு. மாட்டுக்குத்தான் பொருந்தும்.”

வெயிலில் அந்தக் காது ஒரு நிறமாக இருக்கவில்லை. விளிம்பு சிவந்து, நடு மஞ்சளித்து, அடியில் நீல நரம்பொன்று ஓடியது. இராசதுரை பழைய பூச்சைக் கழுவினான். காவியைச் சாயத் தேத்தண்ணீர்போல மெல்லிசாகக் கரைத்துப் பூசி, காயவிட்டு, துணியால் ஒற்றி, திரும்பவும் பூசினான். நிறத்தை வெளியே தடவுவதை விட்டு உள்ளேயிருந்து வரவிட்டான். மூக்கு நுனிக்கு முட்டை வெள்ளை தொட்டதும் ஈரம் வந்தது.

முதலில் நம்பியது ஈ. கண்ணோரத்தில் வந்து குந்தியது. அதைத் துரத்த வெள்ளைச்சி வந்தாள். காதை மணந்து பார்த்தாள். ஒருதரம் நக்கினாள். நான் செம்பை எடுப்பதற்குள் பால் நிலத்தில் சொட்டத் தொடங்கிவிட்டது.

மைமூனா அதைக் காய்ச்சி, சங்கால் பிள்ளைக்குப் பருக்கினாள். அன்று பின்னேரம் அது ஊரே கேட்க அழுதது.

நக்க நக்கக் கன்றின் காது வெளிறும். இராசதுரை விடிய வந்து, பிள்ளையின் காதைப் பார்த்துக் கன்றின் காதைக் கண்ணுக்குத் தெரியப் பூசிவிட்டு, துறைமுகத்துக்குப் போய்ப் பீரங்கியைத் தெரியாமல் பூசுவான். பிள்ளைக்கு இரத்தம் ஊற ஊறக் காது சிவந்தது. கன்றுக்கும் காவியைக் கூட்டவேண்டி வந்தது.

மாரி பிறக்கும்போது கன்றும் கொஞ்சம் கொழுத்திருந்தது. நான் வைக்கோல் ஒன்றும் கூடுதலாக அடைக்கவில்லை.