முச்சனேட்டாவைக் கூப்பிடுதல்

மாய் குந்தாய், அதாவது குந்தாயின் அம்மா, தன் நாய்க்கு முச்சனேட்டா என்று பெயர் வைத்தது நாய்க்காக அல்ல. எங்கள் பக்கத்தில் யாரும் நாய்க்காக நாய்க்குப் பெயர் வைப்பதில்லை. அடுத்த வீட்டுக்காரியிடம் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை நாயின் தலையில் கட்டிவிட்டு, காலையும் மாலையும் சத்தமாகக் கூப்பிட்டுக்கொள்வோம். முச்சனேட்டா என்றால் 'நீங்களே ஓய்ந்துபோவீர்கள்'. ஜோஹன்னஸ்பர்க் போன மாய் குந்தாயின் புருஷனுக்கு அங்கே இன்னொரு குடும்பம் இருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள், வேலிக்கு அந்தப் பக்கத்து மாய் ருவிம்போ. பேசு, பேசு, உன் வாய்தான் வலிக்கும் என்று அவளுக்குச் சொன்ன பதில் அது.

ஓய்ந்துபோனது என்னவோ மாய் குந்தாய்தான். மக்காச்சோளக் காட்டில் களை எடுத்து, ஆற்றிலிருந்து தண்ணீர் சுமந்து, முதுகு விட்டுப்போயிருந்தது. மகன் குந்தாய் விடுதிப் பள்ளிக்குப் போனபின் அந்த வீட்டில் அவளோடு மூச்சு விடுகிற ஜீவன் நாய் ஒன்றுதான். குட்டியாக இருந்தவரை அவள் காலையே சுற்றியது. இப்போது கால் நீண்டு விடலைப் பருவம் வந்துவிட்டது. காது இருந்ததே தவிர கேட்கிற உத்தேசம் இல்லை. ஆட்டைக் கண்டால் துரத்தியது. அது துரத்தியதில் ஊர்த்தலைவர் சிகோரேயின் சினையாடு காலை முறித்துக்கொண்டது.

"ஞாயித்துக்கெழம எல்லாருக்கும் முன்னாடி என் மந்தைகிட்ட அவுத்துவிடு," என்றார் அவர். "கூப்பிட்டா வரணும். வரலேன்னா ஈட்டிதான். அழுது பிரயோசனம் இல்ல."

களையெடுத்து வந்த கையோடு பழக்க ஆரம்பித்தாள். நீளக் கயிறு, மடியில் கருவாடு. கயிறு இருந்தால் வந்தது. கயிற்றை எடுத்தால், ஊரில் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல் சாணத்தை முகர்ந்துகொண்டு நின்றது. ஒருநாள் வெகுநேரம் கழித்துத் தானாகவே வந்தது. ஆத்திரத்தில் முதுகில் ஒன்று வைத்துக் கட்டிப்போட்டாள். மறுநாள் அப்படித் தானாக வருவதும் நின்றது.

சனிக்கிழமை மாலை தொண்டை கட்டிப்போய் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் மாய் ருவிம்போ சட்டி கழுவிக்கொண்டிருந்தாள்.

"நாயக் கொற சொல்லாதீங்க, மாய் குந்தாய்."

"உங்கள யாரு கேட்டா?"

"தெனமும் என்னையத்தான கூப்பிட்டீங்க? அது உங்க காலடியிலேயே படுத்திருக்கும். நீங்க வேலியப் பாத்து முச்சனேட்டா, முச்சனேட்டான்னு கத்துவீங்க. பாவம், எந்திரிச்சு உங்க மூஞ்சியப் பாக்கும். நீங்க குனிஞ்சுகூடப் பாக்க மாட்டீங்க. எத்தன நாளைக்கு எந்திரிக்கும்? அந்தப் பேரு தனக்கில்லேன்னு விட்டுடுச்சு."

இன்னொன்றும் மாய் குந்தாய்க்குத் தெரியும். தெரியாதது மாதிரி இருந்தாள். அந்தி சாய்ந்ததும் மாய் ருவிம்போ நாக்கை மேலண்ணத்தில் சொடுக்குவாள். வேலி ஓட்டையில் நாய் நுழைந்து ஓடும். சட்டியில் ஒட்டிய களியை அவள் சுரண்டிப் போடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே கூடியது. தலைவரின் தம்பி ஈட்டியோடு நின்றான். கயிற்றை அவிழ்த்ததும் நாய் நேரே ஆடுகளைப் பார்த்துப் பாய்ந்தது. மாய் குந்தாய் வாயைத் திறந்தாள். அந்தப் பெயரை இன்னும் ஒரு தரம் கத்த அவளுக்குத் தெம்பில்லை. தம்பிக்காரன் ஈட்டியைத் தோளுக்கு ஏற்றினான்.

"மாய் ருவிம்போ," என்றாள் எல்லோரும் கேட்க. "நீங்க கூப்பிடுங்க."

மாய் ருவிம்போ நாக்கைச் சொடுக்கினாள். மந்தையின் விளிம்பில் நாய் திரும்பி, நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து அவள் பாவாடையில் மூக்கை வைத்தது. யாரோ சிரித்தார்கள். மாய் குந்தாய்க்கு உயிர் திரும்பியது. கூடவே வயிறு எரிந்தது.

"கூப்பிட்டா வரணும்னேன். வந்துடுச்சு," என்றார் தலைவர். "யாரு பேச்சக் கேக்குதோ அவங்க வீட்லயே கட்டுங்க. எனக்கு ஆடுதான் முக்கியம்."

மாய் குந்தாய் கயிற்றைக் கொடுத்தாள். மாய் ருவிம்போ அதை வாங்கி, முடிச்சைச் சரிபார்க்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சாயங்காலம் வாங்க," என்றாள் தாழ்ந்த குரலில். "நீங்களே சொரண்டிப் போடுங்க. பழகிடும்."

"எனக்கு முடியாது. ரொம்ப அலுப்பா இருக்கு."

"எனக்கு மட்டும் என்னவாம்?"

மாலையில் வீடு சத்தமில்லாமல் கிடந்தது. அதைத் தாங்க முடியாமல் மாய் குந்தாய் வேலியைச் சுற்றிக்கொண்டு போனாள். மாய் ருவிம்போ ஒன்றும் கேட்காமல் சட்டியை நீட்டினாள். நாய் மரத்தடியில் கட்டியிருந்தது. மாய் குந்தாய் நாக்கைச் சொடுக்கிப் பார்த்தாள். வறண்ட வாயில் சத்தம் எழவில்லை. நாய் அவளையே பார்த்தது. எழலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்தது. பிறகு எழுந்து, கயிறு எட்டுகிற மட்டும் வந்து நின்றது.

மீதித் தூரத்தை அவள் நடந்தாள்.