கீழ வரிசை

நீர்மாலைக் குடத்தைக் கிணற்றிலிருந்து தூக்கித் தோளில் வைத்தான் பால்ச்சாமி. காய்ச்சலில் மூன்றே நாளில் போய்விட்ட தம்பி வீரணனைக் குளிப்பாட்டத் தண்ணீர். இந்தக் கிணற்றுக்கு வெடி வைத்தபோது தெறித்த கல்லில்தான் பால்ச்சாமியின் இடக்கைச் சுண்டுவிரல் போனது. அன்றைக்கு வீரணன் டவுனில் படித்துக்கொண்டிருந்தான்.

பரளச்சி ரோட்டில் பஸ் நின்றது. இறங்கியதில் பாதிப் பேர் அருப்புக்கோட்டைக்காரர்கள். எல்லாம் தம்பிக்காக.

அறுபத்தொன்றில் அப்பன் முப்பது கொய்யா வைத்தார். பங்கு பிரித்தபோது கிணற்றடி மேல வரிசை மூத்தவனுக்கு, கீழ வரிசை இளையவனுக்கு. வண்டியில் டவுனுக்குப் போய்ச் சேருவதற்குள் பழம் நைந்துவிடும். வீரணன்தான் பஸ்ஸை மறித்து, "நீங்களே வந்து பறிச்சுக்கங்க. உள்ள நின்னு எம்புட்டும் தின்னுங்க. கூடையில போறதுக்கு மட்டும் காசு குடுங்க" என்றான். ஜனம் வந்தது. வந்த ஜனம் கீழ வரிசைக்கே போனது. கண்டக்டரும் "வீரணன் தோப்பு எறங்கு" என்றே கத்தினான்.

பால்ச்சாமிக்கு வயிறு எரிந்தது. விடியுமுன் எழுந்து தம்பி முறைத் தண்ணீரையும் தன் வரிசைக்கே திருப்பினான். காய் முட்டி முட்டியாகப் பருத்தது. தின்றவர்கள் யாரும் இரண்டாவது பழம் கேட்கவில்லை. தம்பி மரம் இலை சுருண்டு நின்றது. அதில்தான் ஆட்கள் தொங்கினார்கள்.

குடத்தை இறக்கியபோது, பஸ்ஸில் வந்திருந்த தறிக்காரர் வீட்டுச் சௌடம்மாள் சொந்தக்காரியைவிடச் சத்தமாக அழுதுகொண்டிருந்தாள்.

"மசக்கையில இவர் மரத்துப் பழந்தானே என் வாயில எறங்குச்சு!" மூக்கைச் சிந்திவிட்டுப் பால்ச்சாமியைப் பார்த்தாள். "நீங்க இவர் தோட்டத்துல வேலை பாக்கிறவராண்ணே?"

வீரணன் பெண்டாட்டி அருஞ்சுனை தலை நிமிர்ந்தாள். "என்னக்கா கேக்குறீக! அவுக மூத்தவுக. நீங்க தின்ன இனிப்பே அவுக குடுத்ததுதான்."

"அப்பிடியா!"

"எங்க மொறைத் தண்ணியையும் அவுகளே இழுத்துக்கிருவாக. நான் சண்டைக்குப் போனா இவரு விடமாட்டாரு. 'மரம் காயக் காயத்தான்டி பழம் இனிக்குது. அண்ணன் நமக்குப் பாடுபடுறாரு, பேசாம இரு'ன்னு சிரிப்பாரு."

பறைச்சத்தம் நின்றிருந்தது.

"சிரிப்பானா?" என்றான் பால்ச்சாமி.

"விழுந்து விழுந்து சிரிப்பாரு மச்சான்."

அவன் குடத்தைச் சாய்த்தான். தம்பி முகத்தில் தண்ணீர் வழிந்தது. உதட்டோரம் கொஞ்சம் விரிந்தாற்போல் இருந்தது. கையால் அழுத்தித் துடைத்தான். மறுபடியும் துடைத்தான்.

"போதும்லே, விடு" என்று யாரோ தோளைத் தொட்டார்கள்.

எரித்துவிட்டு வந்த ஈர வேட்டியோடு சாயங்காலம் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கமலையில் மாட்டைப் பூட்டினான். மண்வெட்டியால் மேல வரிசை மடையை அடைத்தான். பத்து வருஷமாகத் திறக்காத கீழ வரிசை மடையை வெட்டித் திறந்தான்.

அருஞ்சுனை தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். "மச்சான், பழுக்குற நேரம்! இப்பத் தண்ணி விட்டா சப்புன்னு போயிரும். இனிமே எனக்கு இந்த வரிசைதான மிச்சம்?"

அவன் திரும்பவில்லை. "அவன் மொறைத் தண்ணிதான்" என்றான்.

வெடித்துக் கிடந்த கரிசல் நுரை விட்டுக் குடித்தது. கடைசி மரத்தடி இன்னும் காய்ந்துதான் கிடந்தது. பால்ச்சாமி அடுத்த இறைப்புக்கு மாட்டை மறுபடி பின்னால் நடத்தினான்.