அன்பரசன் வைத்த தோட்டம்

எங்கள் ஷூ கம்பெனியில் பசை நெடி மண்டையைப் பிளக்கும். ஆலங்காயம் ரோட்டில் ஜவ்வாது மலையைப் பார்த்தபடி இருந்து என்ன புண்ணியம், சுற்றிலும் வெறும் சிமெண்ட்டுத் தரைதான். அதைப் பெயர்த்துத் தோட்டம் போட்டவன் அன்பரசன். மலைக்காரப் பையன், கம்பெனித் தோட்டக்காரன். எலுமிச்சை, கறிவேப்பிலை, எருக்கு என்று நட்டான்.

"எருக்கஞ்செடியப் போயி யார்னா நடுவாங்களாடா, பைத்தியம்!" என்று கிண்டலடித்தேன்.

"பட்டாம்பூச்சிக்குக்கா. மழை முடியட்டும், சோறு துன்ன வுடாம உங்க தலை மேலயே வந்து குந்தும்."

மழைக்கு முன்பே மலைப்பாதை வளைவில் அவன் பைக் சறுக்கியது. படுபாவி, போய்ச் சேர்ந்துவிட்டான்.

அவன் வேலையை அவன் அம்மா மாணிக்கம்மாளுக்குக் கொடுத்தார்கள். சாமைக் காட்டில் பழகிய கை. தோட்டம் பளிச்சென்று இருந்தது, ஒரு இலையில்கூட ஓட்டை கிடையாது. மத்தியானம் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டால்தான் எங்களுக்குத் தலைவலி இறங்கும். தினமும் என்னிடம் கேட்பாள்.

"இன்னா சசி, இன்னைக்கும் ஒரு பட்டாம்பூச்சிகூட வர்லியே? எம்புள்ள பொய் சொல்ல மாட்டானே."

"வரும்மா, இருங்க. அதுங்க இன்னா கம்பெனி பஸ்ஸா, டைமுக்கு வர்றதுக்கு?" என்பேன். மழையும் முடிந்தது. ஒன்றும் வரவில்லை.

அன்று கரண்ட் போய் மெஷின் நின்றதால் சீக்கிரமே வெளியே வந்தேன். மாணிக்கம்மாள் எலுமிச்சைச் செடியடியில் குந்தி, இலை இலையாகத் திருப்பிப் பச்சைப் புழுக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து டப்பாவில் சோப்புத் தண்ணீர்.

"அய்யய்யோ! இன்னாம்மா பண்றீங்க?"

"புழு சசி. நானும் தெனம் பொறுக்குறேன், வந்துகினே கீது. வுட்டா எம்புள்ள வச்ச செடியத் துன்னே தீர்த்துடும்."

என் வாய் சும்மா இருக்குமா?

"அதாம்மா பட்டாம்பூச்சி! அந்தப் புழுதான் ரெக்கை மொளைச்சுப் பறக்கும். அதுங்க துன்னத்தானே அன்பு செடியே நட்டான்!"

சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

டப்பாவை அப்படியே தரையில் கவிழ்த்தாள். ஒவ்வொரு புழுவாக எடுத்து, முந்தானையில் துடைத்து, இலை மேல் வைத்தாள். எல்லாம் விழுந்தன. மறுபடி எடுத்து வைத்தாள்.

"புடிச்சுக்கோ சாமி, புடிச்சுக்கோ" என்று கெஞ்சினாள்.

"போதும்மா, வுடுங்க" என்று அவள் கையைப் பிடித்தேன்.

"எம்புள்ள வரும்னு சொன்னது வந்துகினுதான் இருந்துச்சு சசி" என்றாள். "நான்தான் கொன்னுகினு இருந்தேன்."