ஒரு வாரத்துக்கு வந்த ஓபோ

கடைக்காரர் மூன்று ஓபோக்களை, நாகஸ்வரத்துக்கு மேல்நாட்டு உறவான மரக்குழல்களை, மேசைமேல் வைத்தார். அண்ணனோடு வந்திருந்த சின்னவள் தன் டப்பாவிலிருந்து ஒரே ஒரு நாணல் சீவாளியை எடுத்து, நாக்கில் நனைத்து, மூன்றிலும் மாற்றி மாற்றிச் செருகி ஊதினாள். இரண்டாவதில் கீழ்க்கோடி ஸ்வரம் எழும்பியதும் அதையே மறுபடி ஊதினாள். பதினோரு வருடமாக வாத்தியக் குழுவின் இரவல் ஓபோவை ஊதியவள் அவள். இந்தக் குரல் இத்தனை நாள் எங்கே இருந்தது?

"ஒரு வாரம் வச்சுப் பாருங்க. புது மரம். ஒரு நாளைக்கு இருபது நிமிஷத்துக்கு மேல ஊதினா வெடிச்சிடும்" என்றார் அவர்.

அந்த இருபது நிமிடத்துக்காகவே பொழுது விடிந்தது. மிச்ச நேரமெல்லாம் மூடிய பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளை போட்டோவக்கூட நீ இப்படிப் பாத்ததில்லையே!" என்றான் அண்ணன்.

நாலாம் நாள் சீவாளியின் நுனி கீறிப்போனது. வேறொன்றைச் செருகினாள். அந்தக் குரல் வரவில்லை. சளி பிடித்தவன் பேசுவதுபோல ஏதோ வந்தது. ஐந்து சீவாளி மாற்றியும் அதே கதை. குழுவில் முதல் ஓபோ வாசிக்கும் அக்காவுக்கு போன் போட்டாள்.

"அடிப்பாவி, ஒரே சீவாளிய வச்சுத்தானா முடிவு பண்ணினே? நாலஞ்சு மாத்திப் பாக்க வேணாமா? அந்தக் குரல்ல பாதி நாணலோடதுடி. அதே மாதிரி இன்னொண்ணு அமையுதோ இல்லையோ!"

கடைசி நாள் மாலை அண்ணன் வண்டிச் சாவியோடு வந்து நின்றான். "கடை மூடிடுவான். குடுத்துட்டு வந்துடலாம், விட்டது தொல்லை."

"இரு."

புதிதாகச் சீவிய நாணலை முதலில் இரவல் ஓபோவில் வைத்து ஊதினாள். சொன்ன பேச்சைக் கேட்டது. குறை சொல்ல ஒன்றுமில்லை. கீழே வைத்த பிறகு மறுபடி எடுக்கத் தோன்றவில்லை. புதியது முரண்டு பிடித்தது. ஆனால் கீழ்ஸ்வரம் அடங்கும்போது, அதன் வாலில், அந்தக் குரல் ஒரு நொடி தலைகாட்டிவிட்டுப் போனது. இல்லை, தன் ஆசைதான் அப்படிக் கேட்டதோ?

"கிளம்பலாமா?"

"நீ மட்டும் போண்ணா. நான் வச்சுக்கறேன்னு சொல்லிட்டு வா."

"அந்தக் குரல்தான் வரலையேம்மா!"

"வரலதான்" என்றபடி அடுத்த நாணலைத் தண்ணீரில் ஊறப்போட்டாள்.