பெயர் மாற்றிய படம்

ஆம்பூரின் தோல் வரலாற்றை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: தேவானந்தம் கம்ப்யூட்டர் முன் அமர்வதற்கு முன், அமர்ந்ததற்குப் பின். இந்த உண்மையைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னவரும் தேவானந்தம்தான். அமர்வதற்கு முன்பு அவர் ஷூ கம்பெனி கேட்டில் வருகைப் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தார்.

2003-இல், ஷூ வாங்கும் ஜெர்மன் பையர் புதிதாக ஒரு வெப்சைட் திறந்தான். ஆர்டர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று காட்டும் கம்ப்யூட்டர் திரையை அப்படியே படமாக்கி, வியாழக்கிழமை நாலு மணிக்குள் அதில் ஏற்ற வேண்டும். ஜேபெக் படம், இருநூறு கேபிக்குள்.

“முடியுமாப்பா?” என்றார் முதலாளி இஷ்தியாக் அகமது. “முடிச்சிட்டா நீதான் ஐ.டி. மேனேஜர்.”

“நமக்கு இதெல்லாம் ஜுஜுபி சார்.”

அன்று மாலையே தேவானந்தம் பித்தளையில் பெயர்ப்பலகைக்குச் சொல்லிவிட்டார். படம்தான் பாக்கி.

வியாழன் மதியம் இரண்டு மணிக்கு, பிரிண்ட் ஸ்க்ரீன் என்றிருந்த பட்டனைத் தட்டிவிட்டு, எழுந்து போய்ப் பிரிண்டர் பக்கத்தில் கைகட்டி நின்றார். தாள் வரவில்லை. டேட்டா என்ட்ரி பார்க்கும் பில்கிஸ் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள்.

“இன்னாம்மா சிரிப்பு? பிரிண்டர் பேஜார் பண்ணுது.”

பிறகு, கம்ப்யூட்டரைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டு, பத்து நிமிடம் இன்டர்நெட்டில் ஏதோ படித்தார். யார் கண்ணிலும் படாமல் அந்தப் பக்கத்தை மூடாமலே திரையின் அடிக்கு இறக்கிவிட்டு, மறுபடி அதே பட்டனைத் தட்டினார். பெயின்ட் என்ற படம் வரையும் புரோகிராமில் ஒட்டினார். படம் வந்துவிட்டது. மூக்கு ஒரு அங்குலம் உயர்ந்தது.

உயர்ந்த மூக்கை வெப்சைட் உடைத்தது. இருபது நிமிடம் மோடத்தில் ஊர்ந்து போன படம், வகை தவறு, கனம் ஜாஸ்தி என்று திரும்பி வந்தது. அது ஜேபெக் இல்லை, பிஎம்பி; இரண்டே கால் எம்பி.

“மாத்திட்டா போச்சு” என்று ஃபைல் பெயரின் வாலில் இருந்த பிஎம்பியை அழித்து ஜேபிஜி என்று அடித்தார். “பைபிள்ல சவுல் பவுல் ஆகலியா? அது மாதிரிதான்.”

“மட்டமான அடித்தோல் மேல மேல்தோல்னு சீல் குத்துனா தோல் மாறிடுமா சார்?” என்றாள் பில்கிஸ். “கனம் பாருங்க. அதே ரெண்டே கால்.”

“உனக்கு இன்னா தெரியும்?”

மறுபடி இருபது நிமிடம். மறுபடி திரும்பி வந்தது. மணி மூன்றரை. பித்தளைப் பலகை வேறு சாப்பாட்டு நேரத்திலேயே வந்து இழுப்பறையில் கிடந்தது. இனி அதை எந்தக் கதவில் மாட்டுவது?

தேவானந்தம் எழுந்தார். “நான் டீ குடிச்சிட்டு வர்றேன். நீ வேணா சும்மா தொட்டுப் பாரு. கத்துக்க வேணாமா?”

அவர் கதவைத் தாண்டுவதற்குள் அவள் படத்தைப் பெயின்டில் திறந்து, சேவ் ஆஸ் போய், ஜேபெக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். நூற்றுப் பத்து கேபி.

“சார், அடியில மட்டும் கொஞ்சம் கட் பண்ணிடட்டுமா?”

வாசலில் இருந்தே திரும்பினார். “நான் எடுத்த படம்மா அது! ஒரு ஓரம் குறையக் கூடாது. அப்படியே ஏத்து.”

“அடியில வந்து சார்...”

“ஏத்துன்னா ஏத்து.”

ஏற்றினாள்.

திங்கட்கிழமை முதலாளி சூப்பர்வைசர்களை எல்லாம் அறைக்குக் கூப்பிட்டார். படம் ஜெர்மன்காரனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ராணிப்பேட்டை முதல் ஆம்பூர் வரை தன் சப்ளையர்கள் அத்தனை பேரும் இப்படித்தான் அனுப்ப வேண்டும் என்று மாதிரியாக வெப்சைட்டின் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தான். தேவானந்தம் பெயர்ப்பலகையைப் பேப்பரில் சுற்றி அக்குளில் வைத்திருந்தார். முகத்தில் பவுடர்.

“ஒரு தொழில்நுட்பம்னா சார், அதுல ஊறணும்...” என்று ஆரம்பித்தார்.

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையருகே குனிந்தார். “ஊறினதெல்லாம் இருக்கட்டும்பா. இங்க அடியில, ஸ்டார்ட் பட்டன் பக்கத்துல, இன்னா எழுதியிருக்குது?”

‘வாட் இஸ் ஸ்க்ரீன்ஷாட்’ என்று எழுதியிருந்தது.