இளவரசனுக்கு இருபத்தைந்து வயது

"பொறந்த நாளுக்கு ஒரு பேனர் போடணும்மா" என்று அந்தப் பெரியவர் சொன்னபோது நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆரணி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருப்பவளுக்கு வெள்ளிக்கிழமை என்றால் மூச்சு விட நேரம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீர் எல்லாம் அன்றைக்குத்தான் வந்து தலையில் விழும். பெயர், வயது, போட்டோ என்று கையை மட்டும் நீட்டினேன். பாலிதீன் கவரிலிருந்து அவர் எடுத்துக் கொடுத்த போட்டோவில் ஒரு பையன் விமானப்படை யூனிஃபார்மில் இருந்தான். அப்புறம்தான் பெரியவரின் முகத்தைப் பார்த்தேன்.

கந்தரைத் தீவுச் சண்டை தொடங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. எழுபத்தெட்டில் கடலுக்கு நடுவே கோடு கிழித்து இரண்டு நாடுகள் பிரித்துக்கொண்ட அந்தத் தீவுகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்றுகூட அதற்கு முன் எனக்குத் தெரியாது. இப்போது தினமும் காலை பதினொரு மணிக்கு விமானப்படை வெளியிடும் பட்டியலை ஊரே பார்க்கிறது, நானும் பார்க்கிறேன். அதில் ஆள் பெயர் இருக்காது. விமானத்தின் எண்ணும், அதற்கு எதிரே மூன்றில் ஒன்றும் இருக்கும்: வீழ்த்தப்பட்டது, விபத்து, திரும்பவில்லை. ஆள் விவரத்தை அதிகாரி பிறகு வீட்டுக்கே வந்து சொல்வார். அப்படிச் சொல்லப்பட்டவர்களில் சேத்துப்பட்டுப் பையன் உட்பட மூன்று பேருக்கு வீரவணக்க பேனர் என் கடையில்தான் அடித்தோம். எங்கள் வீட்டில் எல்லாரும் பட்டுத் தறி. நான் மட்டும் புடவை பார்டர் வரையக் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, கடைசியில் செத்தவர்களின் முகத்தை வெளுப்பாக்கிக்கொண்டிருக்கிறேன்.

பெரியவர் பெயர் அருணாச்சலம். படவேடு பக்கம் ஒரு கிராமம். ஆரணியில் அரிசி ஆலையில் வேலை. பையன் இளவரசன், சரக்கு விமானத்தில் போகிறவன். மூட்டைகளைப் பாராசூட்டோடு பின்கதவு வழியாகத் தள்ளிவிடுவது அவன் வேலையாம். "நானும் மூட்டதான் தூக்கறேன், அவனும் மூட்டதான் தூக்கறான், அவன் மேல தூக்கறான்" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். அந்த விமானத்தின் எண் பட்டியலில் மூன்றாவது விதமாக வந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. திரும்பவில்லை.

"ஆபீசர் வந்தாரா?" என்று கேட்டேன்.

"வர்ல. போன் போட்டா, தகவல் வந்தா சொல்றோம், லைன வைங்கன்றாங்க. ஆனா ஊர்ல அதுக்குள்ள முடிவு கட்டிட்டாங்க. சாவு வூட்டுக்கு வர்ற மாதிரி வந்து குந்திகினு, எழுந்து போறாங்க. பங்காளி ஒருத்தன் பந்தலுக்குச் சொல்லட்டுமான்னு கேக்கறான். அவன் அம்மா அன்னிலேந்து சோறு துன்ல. ஞாயித்துக்கிழம அவனுக்கு இருபத்தஞ்சி முடியுது. பேனர் கட்டிட்டா வாய மூடுவாங்க இல்ல?"

உயிரோடு இருப்பவனுக்குத்தான் பிறந்தநாள் பேனர் கட்டுவார்கள். ஊருக்கு அவரால் காட்ட முடிந்த அத்தாட்சி அது ஒன்றுதான். பக்கத்திலேயே உட்காரச் சொல்லி, உடனே செய்தேன். பின்னால் விமானம் வேண்டாம் என்றார், எடுத்தேன். பலூன் கேட்டார், போட்டேன். கேக் பெரியதாக இருக்கட்டும் என்றார், பெரியதாக்கினேன். பிறந்த தேதி கேட்டேன், சொன்னார், அடித்தேன். படவேடு பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. மெஷினிலிருந்து வந்ததை அப்படியே கட்டி வாங்கிக்கொண்டு ஓடினார்.

மறுநாள் சாயங்காலம் அந்த ஃபைலைத் திரும்பத் திறந்தபோதுதான் பார்த்தேன். யூனிஃபார்ம் போட்டோவுக்கு ஏற்கனவே எல்லாம் அளவு செய்து வைத்த ஃபைல் என்று, கைப் பழக்கத்தில் சேத்துப்பட்டுப் பையனின் வீரவணக்க ஃபைலைத் திறந்து அதன்மேல்தான் வேலை செய்திருக்கிறேன். குத்துவிளக்கை எடுத்தேன், மாலையை எடுத்தேன், கொடியை எடுத்தேன். பலூன்களுக்குக் கீழே இருந்த வரியில் தேதியை மட்டும் மாற்றியிருக்கிறேன். தோற்றம் என்று போட்டு இளவரசனின் பிறந்த தேதி. அதற்குப் பக்கத்தில் மறைவு. அதற்கு எதிரே பழைய தேதியை அழித்த இடம் காலியாக இருந்தது.

என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. அவர் கொடுத்திருந்த நம்பருக்கு இருபது தடவை அடித்தேன், ஸ்விட்ச் ஆஃப். என் வீட்டுக்காரர் குமரேசன் ஒரு வார்த்தை திட்டவில்லை. புது பேனரை அடித்து, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வண்டியை எடுத்தார். வழியெல்லாம், கீழே சின்ன எழுத்துதானே, யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். மற்ற ஊர்க்காரர்கள் வேண்டுமானால் கவனிக்காமல் இருக்கலாம். நம் ஊர்களில் பேனரைப் பேப்பரைவிட நன்றாகப் படிப்பார்கள், அடியில் இருக்கும் பெயர்களில் நம் பெயர் இருக்கிறதா என்று.

வேப்பமரத்துக்கும் கரண்ட் கம்பத்துக்கும் நடுவே கட்டியிருந்தார்கள். அதற்கு எதிரே நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். பெண்கள் சிலர் வாயில் முந்தானையை வைத்திருந்தார்கள். பேனருக்கு வெகு அருகில், பலூன்களுக்கு நேராக, ஒரு அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். இளவரசனைப் பெற்றவள் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது; பெயர் முனியம்மா. போட்டோவில் இருந்த பையனுக்கு அவள் மூக்கு.

அருணாச்சலம் என்னைப் பார்த்ததும் வேகமாக வந்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏம்மா, மத்த பசங்களுக்கும் நீங்கதான போட்டீங்க? வூட்டுக்குச் சொல்றதுக்கு முன்னாடி உங்களுக்குச் சொல்லிடுவாங்களா?"

"ஐயோ, இல்லீங்க. எனக்கு யாரும் எதுவும் சொல்லல. என் தப்பு. பழைய ஃபைல்ல இருந்தது, கவனிக்கல."

அவர் தலையை ஆட்டினார். நம்பவில்லை. ராணுவம், பட்டியல், எண் என்று எதுவுமே அவரிடம் நேராகப் பேசியதில்லை. உட்கார வைத்துப் பேசிய ஒரே ஆள் நான்தான். நான் கீழே அடித்துக் கொடுத்த ஒரு வார்த்தை, இந்தப் பதிமூன்று நாளில் அவருக்கு எழுத்தில் கிடைத்த முதல் பதில். குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தேன். குமரேசன் ஃபைலைச் செல்போனில் காட்டினார். அதற்கும் தலையை ஆட்டினார்.

முனியம்மா எழுந்து வந்தாள். அழுத முகம் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, கடையில் விலை கேட்பது போல நிதானமாகக் கேட்டாள்.

"தேதிய ஏன் உட்டுட்டீங்க? தெரியாதா? இல்ல, தெரிஞ்சும் போட மனசு வர்லியா?"

அவள் என் கையை விடவில்லை. குமரேசனும் இன்னும் இரண்டு பேரும் கயிற்றை அவிழ்த்துப் பழையதை இறக்கி, புதியதைக் கட்டினார்கள். இனிய பிறந்தநாள் வாழ்த்துகள், இருபத்தைந்து, கேக், பலூன். எல்லாம் சரியாக இருந்தது. இப்போது அதை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லாரும் தரையில் கிடந்ததையே பார்த்தார்கள்.

அதை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. வழக்கமாகப் பழைய பேனரை மாட்டுக் கொட்டகைக்கு மேலே போடுவார்கள், நெல் காய வைக்க விரிப்பார்கள். இதைக் காலில் மிதிக்க முடியாது. கொளுத்தலாம் என்று யாரோ வாயெடுத்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். கடைக்கே எடுத்துப் போய்விடலாம் என்று குமரேசன் குனிந்து ஒரு ஓரத்திலிருந்து சுருட்ட ஆரம்பித்தார்.

"மூஞ்ச உள்ள வச்சி சுத்தாதப்பா" என்றாள் முனியம்மா.

குமரேசன் அப்படியே நின்றுவிட்டார். அருணாச்சலம் வந்து அவர் கையிலிருந்து வாங்கி, பேனரைக் குப்புறத் திருப்பி, முகம் வெளியே வரும்படி மறுபடியும் சுருட்டினார். மூட்டை தூக்கிப் பழகிய ஆள், அதைத் தோளில் வைக்காமல், கைக்குழந்தையைப் பிடிப்பது போல மார்போடு அணைத்துக்கொண்டார். சுருளில் பையனின் ஒரு கண்ணும் பாதி வாயும் மேலே தெரிந்தன. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பட்டியல் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. யாராவது வந்து எங்கே வைக்க வேண்டும் என்று சொல்வார்கள் என்பது போல, அவர் அதைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டே இருந்தார்.